திருமணமாகவில்லை எனில் அடுத்த பகுதிக்குச் செல்க

கேள்வித்தாள்களில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பதில் 'ஆம்' என்றால் அடுத்த கேள்வி. 'இல்லை' என்றால் அம்பு காட்டும் எண்ணுக்குத் தாவிவிட வேண்டும். களத்தில் இதை 'ஸ்கிப்' என்பார்கள். சிகரெட் பிடிக்காதவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அதற்காகச் செய்த ஏற்பாடு. நான் முதன்முதலில் கையில் வாங்கிய சுகாதாரக் கேள்வித்தாளில் அந்த அம்பு "திருமணமாகிவிட்டதா?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவில்லையென்றால் கருத்தடை, கர்ப்பம், கருக்கலைப்பு, பால்வினை நோய் எல்லாவற்றையும் தாண்டி நேராக இரும்புச்சத்து மாத்திரைக்குப் போய்விடலாம். பதினேழு வயதுப் பெண்ணிடம் அந்தத் தாளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: மாத்திரை சாப்பிட்டாயா?

அம்பு போட்டவர்களைக் கேட்டால் "பொருந்தாத கேள்விகளைக் கேட்டு அந்தப் பிள்ளைகளைச் சங்கடப்படுத்த வேண்டாமே" என்பார்கள். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொல்வார்கள். சங்கடம் யாருக்கு என்பதுதான் எனக்கு அன்றிலிருந்து புரிபடாத விஷயம்.

சின்ன ஆய்வுகளில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. இந்தியப் பெண்களின் உடல்நலம் பற்றி நாம் மேடையிலும் கட்டுரையிலும் சொல்கிற எண்களில் பாதிக்கு மேல் தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து வருபவை. 1992-93இல் நடந்த அதன் முதல் சுற்றும் 1998-99இல் நடந்த இரண்டாவது சுற்றும் திருமணம் செய்துகொண்ட பெண்களிடம் மட்டுமே பேசின. கணவனை இழந்தவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் உண்டு. கல்யாணமே ஆகாதவர்கள் இல்லை. 2005-06இல் நடந்த மூன்றாவது சுற்றில்தான் 15 வயதுக்கு மேற்பட்ட கல்யாணமாகாத பெண்களும் பேட்டிக்கு உரியவர்கள் ஆனார்கள். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை மருத்துவர்கள் நிர்மலாவும் சுனிதி சாலமனும் சென்னையில் கண்டறிந்தது 1986இல். ஒரு தொற்று ஊருக்குள் வந்து ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத்தான், இந்த ஆய்வு கல்யாணமாகாத பெண்ணுக்கும் உடம்பு இருக்கிறது என்று கணக்கில் எடுத்துக்கொண்டது.

முதல் சுற்றின் தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது காந்திகிராம கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனத்தின் மக்கள்தொகை ஆய்வு மையம். அம்பாத்துரையில் இருக்கிறது. எங்கள் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினால் போய்விடலாம். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அந்த பஸ்கள் தெரியும். தமிழகப் பெண்களின் கர்ப்பப்பையைப் பற்றிய எண்கள் எங்கள் ஊருக்கு இத்தனை பக்கத்தில் எழுதப்பட்டன என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான் செய்வது கேள்வித்தாள்களைத் தமிழில் ஆக்குகிற வேலை. சொல்வதற்குச் சாதாரணமாக இருக்கும். வளரிளம் பருவத்தினரின் பாலியல் நலம், கருத்தடை பற்றிய ஆய்வு என்றால் வேலையில் முக்கால்வாசி ஒரே ஒரு சிக்கல்தான்: நம்மிடம் சொல் இல்லை. இருக்கிற சொற்களில் ஒன்று நாளிதழ்ச் சொல், இன்னொன்று மருத்துவமனைச் சொல், மூன்றாவது கெட்ட வார்த்தை. நடுவில் ஒரு பெண் தன் வாயால் தன் உடம்பைப் பற்றிச் சொல்லக்கூடிய சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் சொல். முக்கோணம் வரைந்த சுவர்களிலிருந்து நம் வீட்டுக்குள் வந்த சொல். எங்கள் பக்கம் "அவுக குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டாக" என்றால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள் என்று மட்டுமே பொருள். மாத்திரை, உறை, காப்பர்-டி எதுவும் அதற்குள் வராது. காரணம் இல்லாமல் இல்லை. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.1 சதவீதம். நமக்குக் கருத்தடை என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் பொம்பளைக்கு. இந்த ஊரில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் "குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள் ஏதேனும் தெரியுமா?" என்று கேட்டால் என்ன நடக்கும்? "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேக்கா" என்பாள். தாளில் 'தெரியாது' என்று விழும். அவளுக்கு உறை பற்றித் தெரியும், மாத்திரை பற்றித் தெரியும், மருந்துக் கடையில் கேட்டால் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்பதும் தெரியும். கேள்வி அதைக் கேட்கவில்லை.

பெரியார் இதற்கு வேறொரு சொல் வைத்திருந்தார்: கர்ப்பத்தடை. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தத் தலைப்பிலேயே ஒரு கட்டுரை உண்டு. நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் தாயின் ஆரோக்கியத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று தன் காரணத்தைத் தனியாகப் பிரித்து வைத்தவர் அவர். 1952இல் அரசுத் திட்டம் வந்தது, சொல்லும் மாறியது. கர்ப்பத்தடையில் பெண்ணின் கர்ப்பம் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் குடும்பம் இருக்கிறது. குடும்பம் இல்லாதவளுக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. கேள்வித்தாளின் அம்புக்குறி அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்வேன். அதற்காக இன்றைக்குக் கேள்வித்தாளில் 'கர்ப்பத்தடை' என்று போட்டால் யாருக்கும் விளங்காது. "கர்ப்பம் ஆகாம இருக்க என்னென்ன செய்வாங்கன்னு நீ கேள்விப்பட்டிருக்க?" என்று கேட்டு, சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வதுதான் வழி. சொல்லாமல் விட்டவற்றை மட்டும், அது என்ன என்று ஒரு வரியில் விளக்கிவிட்டு, தெரியுமா என்று கேட்கலாம். தானாகச் சொன்னது வேறு, நாம் சொன்ன பிறகு தலையாட்டியது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

இதைவிடக் கஷ்டமான சொல் ஒன்று இருக்கிறது. 'தப்பு'.

கல்யாணத்துக்கு முந்தைய உடலுறவைக் குறிக்க எங்கள் தெருவில் புழங்கும் சொல் அதுதான். "ரெண்டு பேரும் தப்பு பண்ணிட்டாக." "தப்பு தண்டா நடந்துருச்சா?" பேட்டி எடுக்கிற பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஜோடி ஜோடியாக உட்கார வைத்துக் கேள்விகளைக் கேட்கச் சொல்வோம். தாளில் 'உடலுறவு' என்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு முறை அப்படியே வாசிப்பார்கள். மூன்றாவது முறை எதிரில் இருப்பவள் முழித்தால், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி "அதாம்மா, தப்பு ஏதும்..." என்பார்கள். அந்த இடத்திலேயே பதில் முடிவாகிவிட்டது. தப்பு செய்தாயா என்று கேட்டால் எந்தப் பிள்ளை செய்தேன் என்று சொல்லும்?

மொழிபெயர்ப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வழக்கமான ஒரு முறை உண்டு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர் மாற்றுவார், அந்தத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் மறுபடியும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் தேர்ச்சி. இந்தத் தேர்வில் 'உடலுறவு' நூற்றுக்கு நூறு வாங்கும், ஏனென்றால் தேர்வு எழுதுகிற இருவரும் எம்.ஏ. படித்தவர்கள். அதனால்தான் நான் இன்னொரு படியை விடாமல் கேட்பேன்: பத்துப் பதினைந்து பெண்களை உட்காரவைத்து, கேள்வியைப் படித்துக் காட்டி, பதில் சொல்ல வேண்டாம், இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உன் வார்த்தையில் எனக்குத் திருப்பிச் சொல் என்று கேட்பது. காசும் நேரமும் பிடிக்கும் என்று நிறுவனங்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். ஒருமுறை "பாதுகாப்பான உடலுறவு என்றால் என்ன?" என்ற கேள்விக்கு ஒரு கல்லூரி மாணவி யோசிக்காமல் சொன்னாள்: "வீட்டுல யாரும் இல்லாதப்ப." பக்கத்திலிருந்தவள் அவளைத் திருத்தினாள்: "இல்லடி, கட்டிக்கிறவன்கூட மட்டும் இருக்கிறது." இருவருமே பாதுகாப்பை ஊரிடமிருந்து கேட்டார்கள். நோயிடமிருந்து பாதுகாப்பு என்பது இருவருக்கும் தோன்றவில்லை. கேள்வியை எடுத்துவிட்டு "கடைசியாக இருந்தபோது உறை பயன்படுத்தினீர்களா?" என்று நேராகக் கேட்கும்படி மாற்றினோம்.

எல்லாமே சொல்ல முடியாததாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் மாதவிடாய் எப்போது என்பதை எங்கள் ஊரில் ஒருவரும் மறைப்பதில்லை. மதுரையில் சடங்குக்கு வைக்கிற பிளெக்ஸ் போர்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் படம், தாய்மாமன்களின் பெயர் வரிசை, நடிகர் படம், சீர் ஊர்வலம் கிளம்பும் நேரம் எல்லாம் குரு தியேட்டர் வரைக்கும் நிற்கும். "முதல் மாதவிலக்கு எந்த வயதில் ஏற்பட்டது?" என்றால் யோசித்து யோசித்துப் பன்னிரண்டு, பதிமூன்று என்பார்கள். "சடங்கு எப்ப வச்சாக?" என்றால் மாதமும் தேதியும் வரும், மாமன் போட்ட வளையலின் பவுனும் வரும். (சடங்கு சில நேரம் மாதக்கணக்கில் தள்ளி வைப்பார்கள், அதனால் "உக்காந்தது அப்பவா, முன்னாடியா?" என்று தொடர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.) இதே உத்தி மற்ற தேதிகளுக்கும் உதவும். 'கடந்த 12 மாதங்களில்' என்பது யாருடைய மனதிலும் இல்லாத கணக்கு. 'போன சித்திரைத் திருவிழாவில இருந்து இன்னிக்கு வரை' என்பது மதுரையில் எல்லோருக்கும் உள்ள கணக்கு. அழகர் ஆற்றில் இறங்கினதுக்கு முன்னாடியா, பின்னாடியா? பத்தாவது பரீட்சைக்கு முன்னாடியா?

வயதுக்கு வந்ததை ஊருக்கே போஸ்டர் அடித்துச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்த உடம்பு என்ன ஆனது என்று கேட்க வந்தவரை வாசலிலேயே நிறுத்துகிற ஊரும் இதேதான்.

வாசல் என்றதும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரப்பாளையம், புட்டுத்தோப்பு, கரிமேடு, பொன்னகரம் பக்கமெல்லாம் காம்பவுண்டு வீடுகள். ஒரு நடை, இரண்டு பக்கமும் எட்டோ பத்தோ வீடு, எல்லாருக்கும் ஒரே குழாயடி. மில் வேலைக்கு வந்தவர்கள் காலத்திலிருந்து இப்படித்தான். இங்கே 'தனிமையில் பேட்டி எடுக்கவும்' என்று தாளின் தலையில் அச்சடிப்பது சுலபம். உள்ளே போனால் ஒரே அறை, கட்டிலில் அப்பத்தா. வெளியே வந்தால் துணி துவைக்கிற சித்தி. தேசியக் குடும்ப நல ஆய்வில் குடும்ப வன்முறைப் பகுதிக்கு ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள்: ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும், தனிமை கிடைக்கவில்லையென்றால் அந்தப் பகுதியையே கேட்கக் கூடாது. பெண்கள் மீதான வன்முறையைப் பற்றி ஆய்வு செய்வோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2001இல் தந்த வழிகாட்டுதலிலும், யாராவது உள்ளே வந்துவிட்டால் சட்டென்று மாற்றிக்கொள்ள வேறொரு சாதாரணத் தலைப்பில் கேள்விகள் தயாராக இருக்க வேண்டும் என்று உண்டு. எங்கள் தாள்களில் அந்த இடத்தில் காய்கறியும் முட்டையும் இருக்கும். "வாரத்துக்கு எத்தனை நாள் கீரை?" என்ற கேள்வி கேட்டதும் எதிரில் இருக்கிற பெண்ணுக்குப் புரிந்துவிடும், அவளும் முகத்தை மாற்றாமல் கீரைக்குப் பதில் சொல்வாள். இன்னொரு வழி, இரண்டு பேராகப் போய், ஒருவர் அம்மாவிடம் தனியாக நீளமான ஒரு கேள்வித்தாளோடு உட்கார்ந்துவிடுவது. அம்மாக்களுக்கும் தங்களிடம் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்பது பிடித்திருக்கிறது.

கேட்பவர் யார் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நான் ஆரப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள், சொற்களைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல தகுதி கிடையாது. ஆனால் ஆரப்பாளையத்தில் பேட்டி எடுக்க நான் போவதில்லை. முதல் நிமிடத்திலேயே "நீங்க எந்தத் தெருக்கா? எங்க பெரியம்மாவ தெரியுமா?" என்று வந்துவிடும். தெரியும் என்று சொன்னால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பெரியம்மாவுக்குச் சொல்லக்கூடிய பதில்கள். சொல் உள்ளூரிலிருந்து வர வேண்டும், ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். நாங்கள் தேனியிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் பெண்களை அழைத்து வருவோம். இன்னொன்று: அவர்களைப் பிள்ளைகள் 'டீச்சர்' என்றோ 'மேடம்' என்றோ கூப்பிட ஆரம்பித்தால் பதில்கள் பரீட்சைப் பதில்களாக மாறிவிடும். எய்ட்ஸ் பரவும் நான்கு வழிகள் வரிசை மாறாமல் வரும். 'அக்கா' என்று கூப்பிட வைப்பதற்கே முதல் பத்து நிமிடம் தேவை.

படிப்பில் நமக்கு இரண்டு சொற்களைக் கற்றுத் தருவார்கள்: நம்பகத்தன்மை, ஏற்புடைமை. ஒரே ஆளிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டாலும் அதே பதில் வந்தால் கேள்வி நம்பகமானது. அளக்க நினைத்ததையே அளந்தால் ஏற்புடையது. ஆராய்ச்சி மாணவிகள் குரோன்பாக் ஆல்ஃபா 0.8 வந்துவிட்டது என்று சந்தோஷமாகக் காட்டுவார்கள். எல்லாக் கூற்றுகளையும் ஒரே திசையில் எழுதி வைத்து, பிள்ளைகள் மேலிருந்து கீழ்வரை 'ஆமாம்' போட்டாலும் அந்த எண் உயரத்தான் செய்யும். பாலியல் கேள்விகளில் இது இன்னும் மோசம். பயந்த பெண் இன்றைக்கும் 'இல்லை' என்பாள், இரண்டு வாரம் கழித்தும் 'இல்லை' என்பாள், அம்மா இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்பாள். நம்பகத்தன்மை அபாரம்.

அந்த 'இல்லை'யை எப்படிக் கடப்பது என்று உலகம் முழுக்க யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1995இல் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் நடந்த ஓர் ஆய்வில் சிலருக்குத் தாளும் பேனாவும், சிலருக்குக் காதில் ஹெட்போனும் கணினியும் கொடுத்தார்கள். கேள்வி காதில் மட்டும் கேட்கும், பதிலை விசையில் அழுத்த வேண்டும். ஆணோடு உறவு இருந்ததாகச் சொன்னவர்கள் தாளில் 1.5 சதவீதம், கணினியில் 5.5 சதவீதம். 1998இல் இது வெளியான பிறகு கணினிக்குப் பெரிய மவுசு வந்தது. (அந்த ஹெட்போனில் இங்கே யாருடைய குரல் பேசும் என்பது என் கவலை. செய்தி வாசிப்பவர் குரலில் கேட்டால் மறுபடியும் பரீட்சைதான்.) கர்நாடகத்தில் எச்.ஐ.வி. தடுப்புப் பணிகளில் வாக்குச்சாவடி முறையைப் பயன்படுத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மறைப்புகளுக்குப் பின்னால் உட்காருவார்கள், கேள்வி எல்லாருக்கும் பொதுவாக வாசிக்கப்படும், ஒவ்வொருவரும் எண் போட்ட சீட்டை ஆம் பெட்டியிலோ இல்லை பெட்டியிலோ போடுவார்கள். எந்தச் சீட்டு யாருடையது என்று நடத்துபவருக்கே தெரியாது. ஓட்டு ரகசியம் என்பது நம் ஊரில் பாமரருக்கும் விளங்கும் என்பதால் இது எனக்குப் பிடித்த முறை.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் 2006-07இல் நடந்த இந்திய இளைஞர் ஆய்வு. மும்பையின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து ஆறு மாநிலங்களில் நடத்தினார்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வயதினர். நேருக்கு நேர் பேட்டி முடிந்த பிறகு, கடைசியில் ஒரு சின்னத் தாளும் உறையும் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் உறவு இருந்ததா என்பதற்கு டிக் அடித்து, நீங்களே ஒட்டிக் கொடுங்கள், நாங்கள் பிரிக்க மாட்டோம் என்றார்கள். வாயால் 'இல்லை' என்றவர்கள் கையால் 'ஆம்' போட ஒரு வாசல். இவ்வளவு செய்தும் மொத்தக் கணக்கில் பையன்களில் 15 சதவீதம், பெண்களில் 4 சதவீதம். இந்தப் பையன்கள் எல்லாம் யாரோடு இருந்தார்கள் என்று நானும் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். வயதில் மூத்த பெண்கள், பாலியல் தொழிலாளர்கள், பையன்களின் வீறாப்பு என்று பல காரணம் சொல்லலாம். எல்லாம் கழித்த பிறகும் மிச்சமிருப்பது, ஒட்டிய உறைக்குள்ளும் டிக் போடாத பெண்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 'ஆம்' என்பதன் விலை இருவருக்கும் ஒன்றல்ல.

2012இல் போக்சோ சட்டம் வந்த பிறகு அந்த விலை இன்னும் ஏறியது. 18 வயதுக்குக் கீழே எந்த உடலுறவும், அவளே விரும்பியிருந்தாலும், குற்றம். 19ஆம் பிரிவின்படி அது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. சிறுமிகளைக் காப்பதற்கான சட்டம், அது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினாறு வயதுப் பெண்ணிடம் பெயரும் முகவரியும் எழுதி வைத்துக்கொண்டு "உனக்கு உறவு இருந்ததா?" என்று கேட்கிறவள் இப்போது ஆய்வாளர் மட்டும் இல்லை. அந்தப் பெண் விரும்பி நேசிக்கிற பையனைப் பற்றிப் புகார் கொடுக்கக் கடமைப்பட்டவளும்கூட. பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும். 2017இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள், பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கின்றன. அப்பா கையெழுத்துப் போட்ட தாளில் என்னென்ன கேள்வி இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும் என்று மகளுக்கும் தெரியும்.

2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால் மருத்துவர் காவல்துறைக்குக் கொடுக்கும் தகவலில் அவளுடைய அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று சொன்னது. மருத்துவருக்குக் கிடைத்த அந்தத் தெளிவு கேள்வித்தாளோடு போகிறவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நாங்கள் செய்வது இது: 18க்குக் கீழே உள்ளவர்களிடம் பெயர் எழுதும் தாளில் நடத்தையைக் கேட்பதில்லை. என்ன தெரியும், எங்கே போய்க் கேட்பாய், யாரிடம் சொல்வாய் என்பதைக் கேட்கிறோம். நடந்ததை 20 முதல் 24 வயதுள்ளவர்களிடம் பின்னோக்கிக் கேட்கிறோம். தமிழ்நாட்டில் 18 வயதுக்கு முன் திருமணமான பெண்கள் 12.8 சதவீதம் என்ற 2019-21 கணக்கும் இப்படி 20-24 வயதுப் பெண்களைக் கேட்டு வந்ததுதான். சிறுமிகளைப் பற்றிய எண் சிறுமிகளிடமிருந்து வருவதில்லை, தப்பித்து வளர்ந்துவிட்டவர்களிடமிருந்து வருகிறது. சில வருடம் பழைய எண். ஆனால் யாரையும் காவல் நிலையத்துக்கு இழுக்காத எண்.

வன்முறையையும் விருப்பத்தையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிற தாள்களும் நிறையப் பார்த்துவிட்டேன். "உடலுறவு அனுபவம் உண்டா? ஆம்/இல்லை." இதில் 'ஆம்' என்று டிக் போட வேண்டியவளில் ஒருத்திக்கு அது அனுபவம் அல்ல, அவளுக்கு நடத்தப்பட்ட ஒன்று. அதை 'ஆம்' என்று சொல்ல அவளுக்கு எப்படி மனம் வரும்? "உன் விருப்பம் இல்லாமல் யாராவது தொட்டது, கட்டாயப்படுத்தியது உண்டா?" என்பது தனிக் கேள்வியாக, முதலில் வர வேண்டும். 'யார்?' என்பதற்கான பட்டியலும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் தாள்களில் காதலன், நண்பர், அறிமுகமில்லாதவர், கணவர் என்று இருக்கும். சொந்தத்தில் கட்டுகிற ஊர் இது. முறைமாமனையும் அத்தை மகனையும் எந்தக் கட்டத்தில் போடுவது? சின்ன வயதிலிருந்து "உனக்கு இவன்தான்" என்று சொல்லி வளர்த்தவனை அவள் 'உறவினர்' என்று சொன்னால் நடந்தது வேறு மாதிரிப் பதிவாகும், 'காதலன்' என்றால் வேறு மாதிரி. 'முறைப்பையன்' என்று தனிக் கட்டம் போட்ட பிறகுதான் அந்தப் பதில்கள் வரத் தொடங்கின.

கல்யாணமாகிவிட்டால் எல்லாம் கேட்டுவிடலாம் என்பதும் பொய். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்து ஆறு மாதமான பெண்ணிடம் "குழந்தை பிறக்காமல் இருக்க ஏதாவது பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே அடுப்படியில் மாமியாரின் கரண்டிச் சத்தம் நின்றுபோகும். ஒவ்வொரு மாதமும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கப்படுகிறவளிடம் அது கேள்வி இல்லை, சாபம். 'முதல் குழந்தை எப்ப வேணும்னு நீ நினைக்கிற?' என்று முதலில் அவள் விருப்பத்தைக் கேட்டுவிட்டு, பிறகு மெல்ல வர வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 16 முதல் 22 வயது வரையிலான மணமான கிராமத்துப் பெண்களிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெண்ணுறுப்பு தொடர்பான தொந்தரவுகளைச் சொன்னார்கள். தொந்தரவு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் எங்கேயும் போய்க் காட்டவில்லை. பெண் மருத்துவர் இல்லை, மறைவு இல்லை, தூரம், செலவு, அதோடு 'இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்ற எண்ணம். கடைசிக் காரணத்தை 'அறியாமை' என்று குறித்துவிடலாம். ஆனால் எந்தப் பெண்ணும் இன்னொருத்தியிடம் இதைக் கேட்டுப் பார்த்ததில்லை என்பதும் அதில் இருக்கிறது.

ஒரே 'இல்லை'க்குள் எத்தனை 'இல்லை' இருக்கும் என்பதற்கு அவசரக் கருத்தடை மாத்திரை நல்ல உதாரணம். 2005இலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்பது இந்திய அரசின் விதி. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல வருடமாக அது கிடைப்பதே அரிது. "பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்டு 'இல்லை' என்று எழுதிக்கொண்டால், தேவைப்படவில்லையா, தெரியாதா, கேட்கக் கூச்சமா, கேட்டும் கடைக்காரர் இல்லையென்றாரா என்று எப்படித் தெரியும்? நான்கும் நான்கு விஷயம். முதலாவதற்கு அரசு ஒன்றும் செய்ய வேண்டாம். கடைசியது அரசு பதில் சொல்ல வேண்டியது. 2014இல் வளரிளம் பருவத்தினருக்கான தேசியத் திட்டம் தொடங்கினார்கள், ஆலோசனை மையங்கள் வைத்தார்கள். அங்கே எத்தனை பேர் வர வேண்டும், என்ன மாத்திரை வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட கட்டங்களின் கூட்டுத்தொகைதான்.

'பதில் சொல்ல விருப்பமில்லை' என்ற கட்டத்துக்காகவும் நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். 'தெரியாது' என்பதோடு அதைச் சேர்த்துவிடச் சொல்வார்கள், அட்டவணை அழகாக இருக்கும் என்று. விருப்பமில்லை என்று சொல்கிற பெண்ணுக்குத் தெரியும். என்னிடம் சொல்லத்தான் விருப்பமில்லை. அந்தக் கட்டத்தில் விழுகிற டிக் ஒரே பேட்டியாளரிடம் கூடுதலாக இருந்தால் சிக்கல் பேட்டியாளரிடம். ஒரே கேள்வியில் கூடினால் சிக்கல் கேள்வியில்.

இப்போதெல்லாம் எங்கள் தாள்களில் கடைசிப் பக்கத்தைக் காலியாக விடுகிறோம். இதுவரை நாங்கள் கேட்டோம், இனி நீ கேள், பெயர் வேண்டாம், மடித்து இந்தப் பெட்டியில் போடு என்று சொல்கிறோம். நிறைய வெற்றுத் தாள்கள் விழும். சிலவற்றில் பென்சிலில் எழுதி அழித்த தடம் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தும் படிக்க முடியாது. மற்றதில்: "முத்தம் குடுத்தா குழந்தை வருமா." "எனக்கு ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தல ஆனா நான் யார்கூடவும் பழகல, ஏன்." "மாத்திரை கேட்டா ஆதார் கேப்பாங்களா." "நீங்க இதெல்லாம் எங்கம்மாகிட்ட சொல்லுவீங்களா." ஒரு நோட்டுத்தாளில், நல்ல கையெழுத்தில்: "அக்கா, உங்களுக்கு என் வயசு இருக்கும்போது உங்ககிட்ட யாராவது இப்படி வந்து கேட்டாங்களா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அடுத்த வாரம் அதே இடத்தில் எல்லாக் கேள்விகளையும் எல்லோர் முன்னாலும் வாசித்துப் பதில் சொல்வோம். எந்தக் கேள்வி யாருடையது என்று எங்களுக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு அம்மாக்களும் வருவதுண்டு. போன முறை, வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, எங்களுக்கும் ஒரு தாள் தாங்க, எழுதிப் போடுறோம் என்றார்.